மதுரை வெயிலில் குடுவைச் செடி

பள்ளித் தாவரவியல் பாடத்தில் ‘நெப்பந்தஸ்’ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இலை நுனியில் மூடியோடு ஒரு குடுவை தொங்கும். அதில் விழும் பூச்சியைச் செடி செரித்துக்கொள்ளும். படத்தில் மட்டும் பார்த்த அந்தச் செடி இன்று நர்சரிகளிலும் இணைய விற்பனையிலும் தொங்கு தொட்டியில் கிடைக்கிறது. மதுரையில் இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?’ என்றுதான்.

சரியான வகையாக இருந்தால் தாங்கும். நம் பக்கத்தில் குடுவைச் செடி சாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: உப்பேறிய போர் தண்ணீர், ஆசையாகப் போடும் உரம், வறண்ட காற்று. மூன்றையும் தவிர்க்க வழி இருக்கிறது.

குடுவை என்ன செய்கிறது?

குடுவையும் இலையின் ஒரு பகுதிதான். இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிக் கொடிபோல நீள்கிறது. அதன் முனை மொச்சைக் கொட்டை அளவுக்குத் தடித்து, மேல்நோக்கி வளைந்து, உப்பி, கடைசியில் மூடி திறக்கிறது.

திறந்த குடுவையின் வாயை உற்றுப் பாருங்கள். உதடுபோல மடிந்த விளிம்பில் மெல்லிய வரிகள் நெருக்கமாக ஓடும். அங்கே தேன் சுரக்கும். விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு அதில் பயமின்றி நடந்து, தேன் குடித்து, திரும்பிப் போய்க் கூட்டத்தையும் அழைத்து வரும். காற்றில் ஈரம் கூடி விளிம்பில் நீர்ப்படலம் பரவியதும் அதே இடம் வழுக்கத் தொடங்கும். உள்ளே சரிந்த எறும்பு, மெழுகு பூசிய உட்சுவரில் ஏற முடியாமல் அடியிலுள்ள அமிலமும் நொதியும் கலந்த திரவத்தில் முடிந்துபோகும்.

பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருமுறை திறந்த மூடி மறுபடி மூடுவதில்லை. மழைநீர் நிறைந்து திரவம் நீர்த்துப்போகாமல் காப்பதே அதன் வேலை.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வியப்பானது. புற ஊதாக் கதிர் பட்டால் குடுவையின் விளிம்பு நீலமாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வை மறைத்தபோது குடுவையில் சிக்கும் இரை வெகுவாகக் குறைந்தது.

இவ்வளவு ஏற்பாடும் தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும்தான். இந்தச் செடிகளின் பூர்வீகம் சத்தில்லாத அமிலத்தன்மையுள்ள மண். அங்கே வேர் தராததைக் குடுவை தேடிக்கொள்கிறது. சத்தும் உப்பும் மிகுந்த மண்ணை அந்த வேர்கள் தாங்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற பராமரிப்பெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

எதை வாங்கலாம்?

நெப்பந்தஸில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ப்பவர்கள் இவற்றை மலை வகை, சமவெளி வகை என்று பிரிப்பார்கள். மலை வகைக்கு இரவில் நல்ல குளிர் வேண்டும். மே மாதத்தில் நம் ஊர் இரவே 26 டிகிரி அளவில் நிற்கும்போது அந்த வகை பிழைக்க வழியில்லை. மிராபிலிஸ், அம்புல்லாரியா, ராஃப்ளேசியானா, கிராசிலிஸ் ஆகியவை சமவெளி இனங்கள். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு ‘வென்ட்ராட்டா’ என்ற கலப்பினமே நல்லது. சூடு, கவனக்குறைவு இரண்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ‘மிராண்டா’வும் வளர்க்க எளிது.

இந்தியாவுக்குச் சொந்தமான குடுவைச் செடி நெப்பந்தஸ் காசியானா ஒன்றே. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளுக்கு உரியது. பாக்மாராவில் இதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள இந்தச் செடி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுகிறது. உரிமம் இல்லாமல் வளர்ப்பதே குற்றம். காட்டுச் செடி என்று பெருமை பேசி யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வீனஸ் பூச்சிப்பொறியும், சாரசீனியா என்ற அமெரிக்கக் குடுவைச் செடியும் கண்ணைக் கவரும். ஆனால் அவை ஆண்டுதோறும் சில மாதக் குளிரில் உறங்கி எழுபவை. மதுரையின் மார்கழி அதற்குப் போதாது. நெப்பந்தஸ் விதைப் பொட்டலங்களிலும் பணத்தைப் போடாதீர்கள். அந்த விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். வேர்பிடித்த கன்றாகவே வாங்குங்கள்.

தண்ணீர்தான் உயிர்

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு நல்லதான அந்தத் தண்ணீரே குடுவைச் செடிக்கு விஷம். 50க்குள் இருந்தால் நல்லது; 100ஐத் தாண்டக் கூடாது. இதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். ஆர்ஓ இயந்திரத் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் அளந்து பார்த்தே ஊற்றுங்கள். சுவைக்காக உப்பு கலந்திருக்கலாம்.

மழைநீரை விடச் சிறந்தது எதுவுமில்லை. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழை. 100 சதுர அடி தார்ப்பாயை மொட்டை மாடியில் சரிவாகக் கட்டினால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 90 லிட்டர் சேரும். முதலில் வழியும் தூசித் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள டிரம்மில் பிடியுங்கள். நாளுக்கு அரை லிட்டர் ஊற்றினாலும் 200 லிட்டர் டிரம் ஒரு தொட்டிக்கு ஓராண்டைத் தாண்டி வரும்.

மேலிருந்து ஊற்றி, அடித்துளை வழியே வடிய விடுங்கள். கலவை ஈரமாக இருக்க வேண்டும். தொட்டி தண்ணீரில் மூழ்கி நிற்கக் கூடாது, வேர் அழுகிவிடும்.

உரமில்லாத கலவை

செம்மண், ஆற்றுமணல், தொழு உரம் என்ற நம் வழக்கமான தொட்டிக் கலவை இங்கே ஆகாது. கரிசலும் மண்புழு உரமும் அறவே கூடாது. தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, சிறு கரித்துண்டுகள் ஒரு பங்கு என்ற கலவை நம் ஊருக்குப் பொருந்தும். கிடைத்தால் ஸ்பேக்னம் பாசியும் சேர்க்கலாம்.

மட்டைத் துண்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. கயிற்றுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிங்கம்புணரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தென்னை நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. குறைந்த உப்புள்ள நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கழுவிய நீரில் மீட்டர் 100க்குக் கீழே காட்டும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். மண் தொட்டியை விடப் பிளாஸ்டிக் தொட்டி நல்லது. மண் தொட்டி சீக்கிரம் காயும், சுவரில் உப்பும் படியும்.

வெயிலும் காற்றும்

காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் பட்டால் போதும். கிழக்குப் பார்த்த பால்கனி சரியான இடம். மொட்டை மாடியில் வைப்பதானால் 50 சதவீத நிழல்வலை அவசியம். கத்திரி வெயில் நாட்களில் நண்பகல் வெயில் நேராகப் படவே கூடாது.

இலை நன்றாக வந்தும் நுனிமொட்டு உப்பாமல் கருகினால், காற்றில் ஈரம் போதவில்லை அல்லது வெளிச்சம் குறைவு என்று பொருள். ஆனி, ஆடியில் வீசும் வறண்ட மேல்காற்றில் இது அடிக்கடி நடக்கும். காற்று வரும் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். மற்ற செடிகளோடு நெருக்கி வையுங்கள். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விட்டு, அதன்மேல் தண்ணீர் தொடாமல் தொட்டியை வைக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் புதுக் குடுவைகள் வரிசையாக வரும்.

கூரியரில் வந்த செடியின் பழைய குடுவைகள் காய்வது வழக்கம்தான். புது இடத்துக்குப் பழகிக் குடுவை விட இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். முழுக்கக் காய்ந்த குடுவையை மட்டும் வெட்டுங்கள். பயணத்தில் திரவம் கொட்டியிருந்தால், நல்ல குடுவையில் கால் பங்கு மழைநீர் விடலாம்.

தீனியும் கொசுவும்

வெளியில் தொங்கும் செடிக்கு நாம் ஊட்ட வேண்டாம், எறும்புகள் வரும். வீட்டுக்குள் இருந்தால் மாதம் ஒருமுறை ஒரு குடுவையில் இரண்டு செத்த எறும்பு போதும். இறைச்சித் துண்டோ சோற்றுப் பருக்கையோ போட்டால் குடுவை அழுகும்.

‘வீட்டில் வைத்தால் கொசு ஒழியும்’ என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். இதன் முக்கிய இரை எறும்பு. கொசுத் தொல்லை இதனால் குறையாது. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீரைத் தேங்கவிட்டால் டெங்கு கொசு அங்கேயே முட்டையிடும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். செடி நீண்டு வளர்ந்ததும் இரண்டு, மூன்று கணுவுள்ள தண்டை வெட்டி, இலைகளைப் பாதியாகக் குறைத்து, ஈரப் பாசியில் நட்டு, நிழலில் பிளாஸ்டிக் உறை மூடி வையுங்கள். ஓரிரு மாதத்தில் வேர் பிடிக்கும்.

அப்படிப் பிடித்த ஒரு கன்றை அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுங்கள். கூடவே உரம் வேண்டாம், மழைநீர் மட்டும் போதும் என்று ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் கட்டிவிடுங்கள். பாடத்தில் படம் பார்க்கும் பிள்ளைகள், குடுவை விளிம்பில் எறும்பு வழுக்குவதை நேரிலேயே பார்க்கட்டும்.