ஏர் ரைபிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்: தெரியுமா?

துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ராக்கெட், விண்வெளி, டீசல் இன்ஜின் எல்லாமே அந்த ஒரு சொட்டுக்குள் இருக்கின்றன!

ஏர் ரைபிளுக்குள் தீப்பிடிக்கும், தெரியுமா?
ஸ்பிரிங் வகை ரைபிளில் விசையை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் காற்றை நசுக்குகிறது. கண் இமைப்பதற்குள் காற்றின் வெப்பம் பல நூறு டிகிரிக்கு எகிறுகிறது! அங்கே மெஷின் ஆயில் இருந்தால், தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். 1890களில் ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியதும் இதே தத்துவத்தில்தான். 'டமார்' என்று ஒரு சத்தம், பேரல் வாயில் புகை, கருகிய வாடை! இப்படியே போனால் சீல் கிழியும், ஸ்பிரிங் உடையும். ஆகவே, காற்று அறைக்குச் சீக்கிரம் தீப்பற்றாத சிலிக்கோன் ஆயில்தான் சரி. அதுவும் ஒரே ஒரு சொட்டு!

அதே சிலிக்கோன் ஸ்பிரிங்குக்கு ஆகாது, தெரியுமா?
இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் சிலிக்கோன் தாக்குப்பிடிக்காது. அங்கே கைகொடுப்பது மாலிப்டினம் டைசல்பைடு, சுருக்கமாக 'மாலி'. இதன் படலங்கள் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கிராஃபைட்டும் வழுக்கும்தான். ஆனால், அதற்குக் காற்றின் ஈரம் வேண்டும். வெற்றிடத்தில் கிராஃபைட் தேய்ந்து போகும். அதனால்தான் விண்கலங்களில் மாலிக்கு மவுசு!

கேஸ் துப்பாக்கிக்கு மட்டும் பெட்ரோலிய எண்ணெய் போடலாம், தெரியுமா?
அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு எரியாது, எரியவும் விடாது. அதனால் சிலிண்டர் முனையில் ஒரு சொட்டு பெட்ரோலிய எண்ணெய் விட்டால் ஆபத்தில்லை. ஆனால், 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் பிசிபி ரைபிளில் அதே எண்ணெய் விபரீதம்! கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம் அது. நெருக்கி அடைத்த ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். அங்கே ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே!

டபிள்யூடி-40 ராக்கெட்டுக்காகப் பிறந்தது, தெரியுமா?
1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான இது, அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காத்தது. வீட்டில் கீல் கிறீச்சிட்டால் கை தானாக இதைத்தான் தேடும். ஆனால், ஏர் ரைபிளின் காற்று அறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அதுவும் தீப்பற்றும்!

பெல்லட்டுக்கும் எண்ணெய்க் குளியல் உண்டு, தெரியுமா?
ஏர் ரைபிளின் ஈயக் குண்டுதான் பெல்லட். ஈயம் காற்றுப்பட்டால் வெளுத்துப் பொடி பூக்கும். அதைத் தடுக்க ஒரு டப்பாவில் ஸ்பாஞ்ச் விரித்து, சில சொட்டு விட்டு, பெல்லட்டுகளை அதன்மேல் உருட்டி எடுப்பார்கள். மினுமினுத்தால் போதும்; சொட்டினால் அதிகம்! வேகம் குறைந்த போட்டி ரைபிள்களுக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை. அதிவேக ரைபிள்களில்தான் ஈயம் பேரலில் ஒட்டும். பலன் தெரிவதும் அங்கேதான்.

பேரலைத் துடைத்ததும் குறி தவறும், தெரியுமா?
வெடிமருந்தே இல்லாததால் ஏர் ரைபிளில் கரி படியாது. உள்ளே மெல்லிய ஈயப் பூச்சு மட்டும் படியும். அதைத் துடைத்துவிட்டால், மறுபடி படியும்வரை குண்டு இங்குமங்கும் போகும்! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் களமிறங்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர்! இந்த ஆட்டத்தில் ஒரு சொட்டு கூடினாலும் குறி மாறும்.

ஆக, எந்த எண்ணெய் உசத்தி என்று கேட்காதீர்கள். எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். ரைபிளோடு வந்த கையேட்டைப் படித்துவிட்டு, பாட்டிலைத் திறங்கள். பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் வையுங்கள். ஈயம் நஞ்சு!