உங்களுக்குத் தெரியுமா? மூளையைத் தாக்கும் கொசுக்காய்ச்சல்

● ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம்ம வேலூரில். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர். அதனால் இதை வடநாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

● இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வயல், ஏரி ஓரங்களில் தேங்கும் நீரில் முட்டையிடும். பொழுது சாய்ந்த பிறகு கடிக்கும். பகலில் கடித்து டெங்கு பரப்பும் ஏடிஸ் வேறு.

● வைரஸ் பெருகுவது கொக்கு, நாரை, பன்றி உடம்பில். மாட்டைக் கொசு மொய்த்தாலும் அதன் உடம்பில் வைரஸ் பெருகாது. நோயாளியைக் கடித்த கொசுவால் அடுத்தவருக்கு நோய் வராது, தொடுவதாலும் பரவாது. எனவே ஐ.சி.யு.வில் கிடப்பவரைத் தொட யாரும் பயப்பட வேண்டாம்.

● தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகும். ஆனால் மூளைக்காய்ச்சலாக முற்றினால் 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் இழுப்பு, வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம் நிலைத்துவிடுகின்றன. அந்தக் குடும்பங்களின் பாடு எந்தக் கணக்கிலும் வராது.

● வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஐ.சி.யு.வில் நடப்பதெல்லாம் மூளைக்கு அவகாசம் வாங்கித் தரும் வேலை: வலிப்பை அடக்குவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டர், மூக்குக் குழாய் வழியே கஞ்சி, படுக்கைப் புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பது. முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுப்பது நோயை உறுதி செய்யத்தான். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்" என்று கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம்.

● 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் இந்த நோயால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மறு ஆண்டே தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, இலவசமாக. உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

● அம்பத்தூர், ஆவடி, பருத்திப்பட்டு ஏரிக்கரைகளில் குடியிருப்பவர்கள் இருட்டும் முன் ஜன்னல் சாத்துங்கள், வலை கட்டிப் படுங்கள். காய்ச்சலோடு உளறல், வலிப்பு, தட்டி எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம் வந்தால், "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். விடியும்வரை காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.