தேடினால் கிடைக்காத தாமிரபரணி!

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, கோயில் கொடைக்கு வரி கொடுப்பவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருந்தார். அழைப்பிதழ் அனுப்ப, ‘தாமிரபரணி’ என்று தெருப்பெயரைக் கொடுத்துத் தேடினார். வந்த பெயர்களுக்கெல்லாம் அழைப்பிதழ் போனது. கொடை முடிந்ததும் சிலர், “எங்களுக்கு ஏன் அண்ணாச்சி சொல்லல?” என்று கோபித்துக்கொண்டார்கள். பட்டியலில் அவர்கள் தெரு ‘தாமிரவருணி’ என்று இருந்தது!

இரண்டும் ஒரே ஆறுதான். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் பார்க்கும். இதற்கு என்ன வழி?

தோராயத் தேடல்

யூனிகோடில் ‘ணி’ என்பது ‘ண’, இகரக் குறி என்ற இரண்டு குறியீடுகள். இப்படி எண்ணினால் ‘தாமிரபரணி’யில் 9, ‘தாமிரவருணி’யில் 10. முதலாவதில் ‘ப’வை ‘வ’வாக மாற்றி, ஓர் உகரக் குறியைச் சேர்த்தால் இரண்டாவது வந்துவிடும். ஆக வித்தியாசம் 2. ‘இரண்டு பிழை வரை பரவாயில்லை’ என்று சொல்லித் தேடினால் இரண்டுமே கிடைக்கும்.

இந்த வேலையைச் செய்யும் இலவச ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ‘டிஆர்இ’. எழுதியவர் பின்லாந்தின் வில்லே லௌரிகாரி.

பேக்கேஜ் என்றால் என்ன?

லைப்ரரியின் மூல நிரலை அப்படியே தந்தால் புதியவர்கள் திணறுவார்கள். எனவே டெபியன் லினக்ஸில் தன்னார்வலர்கள் அதைப் பேக்கேஜ் ஆக்குகிறார்கள். பெயரும் தேவைகளும் ஒரு ஃபைலில், உருவாக்கும் முறை இன்னொன்றில், உரிமம் வேறொன்றில், மாற்றங்களின் வரலாறு மற்றொன்றில் எழுதப்படும்.

டிஆர்இ மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது: லைப்ரரி, புரோகிராமர்களுக்கான ஃபைல்கள், ‘ஏகிரெப்’ என்னும் தேடும் கருவி. உங்களுக்குத் தேவை கருவி மட்டுமே. அதை இன்ஸ்டால் செய்தால் லைப்ரரி தானாகவே கூட வரும். லைப்ரரி பேக்கேஜின் பெயரில் உள்ள 5 என்ற எண் முக்கியம். பழைய புரோகிராம்களுடன் ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் அந்த எண் மாறும். அதனால் ஏற்கெனவே ஓடும் புரோகிராம் நின்றுபோகாது.

சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸும், உபுண்டுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. டெபியனுக்காக ஒருவர் செய்யும் பேக்கேஜ் வேலை இவற்றுக்கும் பயன்படுகிறது.

செய்து பாருங்கள்

சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரில் ‘ஏகிரெப்’ என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். டிஆர்இ என்று தொடங்கும் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். பட்டியலைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக, யூனிகோடில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ‘மணி’யில் மூன்றே குறியீடுகள். அதற்கு இரண்டு பிழைகளை அனுமதித்தால் பட்டியலில் பாதி ஊரே வந்து நிற்கும்! சிறிய சொல்லுக்கு ஒரு பிழையே அதிகம். வந்த பெயர்களை ஒருமுறை கண்ணாலும் சரிபாருங்கள்.

மாமா இந்த வருடப் பட்டியலை இப்படித்தான் எடுத்தார். விடுபட்டவர்கள் வீட்டுக்கு அழைப்பிதழை அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.