கண்ணம்மாவின் வயிற்றில் 18 பல்

விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் எங்கள் பை ஒன்றை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். "இது யாருடைய பை?" என்று அதிகாரி கேட்டதும் என் அண்ணன் மகள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். பை அவளுடையது. உள்ளே இருந்தவள் அவளுடைய பொம்மை கண்ணம்மா. நீலப் பாவாடை, கம்பளி நூல் ஜடை, முதுகில் ஒரு சிறிய சாவி. எந்த ஊருக்குப் போனாலும் இவளும் வருவாள். திருச்செந்தூர்க் கடலைப் பார்த்திருக்கிறாள், ஊட்டியில் நனைந்திருக்கிறாள்.

நான் மெல்ல எட்டி எக்ஸ்ரே திரையைப் பார்த்தேன். அந்தத் திரைகளில் துணி, பஞ்சு, பழம் எல்லாம் ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீல நிறத்திலும் தெரியும். கண்ணம்மா முழுக்க ஆரஞ்சு. நடு வயிற்றில் மட்டும் பளிச்சென்று நீலமாக ஓர் உருளை, ஒரு சீப்பு, சுருண்ட பட்டை ஒன்று. அதிகாரி சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை! சாவியைத் திருகச் சொன்னார். சின்னவள் திருகினாள். "கிணிங் கிணிங்" என்று பாட்டு வர, பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

விமானத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "அத்தை, கண்ணம்மா நிஜமாவே பாடுறாளா, இல்ல பாடற மாதிரி நடிக்கிறாளா?"

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரில், தானாகப் பாடும் இயந்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நெதர்லாந்தில் யூட்ரெக்ட் என்ற ஊர். அருங்காட்சியகத்தின் பெயர் ஸ்பேல்க்ளோக். 'பாடும் கடிகாரம்' என்று பொருள்.

அங்கே போவதற்கு முன் கண்ணம்மாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

உள்ளே இருக்கும் எஃகுச் சீப்பில் 18 பற்கள். பக்கத்தில் ஓர் உருளை; அதன் மேல் பலாப்பழத் தோல்போலக் குட்டிக் குட்டி முட்கள். உருளை சுற்றும்போது முள் வந்து பல்லை மெல்லத் தூக்கி விடுகிறது. விட்டதும் பல் அதிர்கிறது. அதுதான் சுரம். 1796இல் ஜெனீவா நகரத்துக் கடிகாரக்காரர் அந்துவான் ஃபாவ்ர் கண்டுபிடித்த வழி இது. அதற்கு முன் பாடும் கடிகாரங்களுக்குள் மணிகளை வைத்தார்கள். மணிக்கு இடம் அதிகம் வேண்டும். எஃகுப் பல்லாக மாற்றியதும், ஒரு முழுப் பாட்டும் பொடி டப்பாவுக்குள் அடங்கிவிட்டது.

ஒவ்வொரு பல்லுக்கும் ஏன் வேறு வேறு ஒலி? இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் எஃகு ஸ்கேலை மேசை ஓரத்தில் வையுங்கள். 10 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேசை மேல் இருக்கும் பகுதியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீட்டிய நுனியைச் சுண்டுங்கள். "டொய்ங்." இப்போது நீளத்தை 5 செ.மீ. ஆக்கிச் சுண்டுங்கள். ஒலி எங்கோ மேலே போய்விடும். நீளம் பாதியானால் அதிர்வு இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு முனையைப் பிடித்து வைத்த பட்டையில் அது நாலு மடங்கு ஆகிறது! பாட்டு கற்றுக்கொள்பவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்கிறேன். கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச'வுக்குப் போனால் அதிர்வு இரண்டு மடங்கு. நாலு மடங்கு என்றால் இரண்டு ஸ்தாயி மேலே.

அப்படியானால் ஆழமான ஒலிக்கு மிக நீளமான பல் வேண்டுமே, சிறிய டப்பாவில் இடம் ஏது? கடிகாரக்காரர்கள் கெட்டிக்காரர்கள். கீழ்ச் சுரத்துக்கான பற்களின் அடியில் ஈயத்துண்டை ஒட்டிவிட்டார்கள். கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். இடமும் மிச்சம்.

இன்னொரு சங்கதி. சாவி கொடுத்த ஸ்பிரிங் சும்மா விட்டால் ஒரே நொடியில் 'சர்ர்ர்' என்று அவிழ்ந்துவிடும். பாட்டும் சர்ர்ர்! அதைத் தடுக்கக் கடைசிப் பல்சக்கரத்தோடு ஒரு குட்டி விசிறி சுற்றுகிறது. நமக்குக் காற்று வீச அல்ல. காற்றில் மோதி மோதி, "அவசரப்படாதே" என்று ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் காற்றின் தடையும் கூடும், அதனால் வேகம் ஓரளவுக்கு மேல் போகவே முடியாது. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த பாகம் இந்த விசிறிதான். பாட்டில் இதற்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. ஆனால் தாளம் போடுவது இதுதான்.

சரி, யூட்ரெக்ட்டுக்கு வருவோம்.

ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருக்கிறது அந்த அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து "தொடாதே" என்று சொல்லும் இடமல்ல. கூடவே வரும் வழிகாட்டி ஒவ்வொன்றாகப் பாட வைத்துக் காட்டுகிறார். சின்னவள் ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணம்மாவைத் தூக்கிப் பிடித்து, "இது நிஜம்", "இது நடிப்பு" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் தெரு ஆர்கன். நம் ஊர்த் தேர்போல அலங்காரம் செய்த வண்டி. முன்பக்கம் குட்டிக் குட்டிப் பதுமைகள். ஒன்று கையில் கோல் வைத்துக்கொண்டு மற்றவர்களை நடத்துகிறது. பெரிய சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே துருத்தி காற்றடிக்கிறது, ஆர்மோனியத்தில் கையால் அடிப்போமே, அதேபோல. கோல் வைத்த பதுமையைப் பார்த்து சின்னவள், "நடிப்பு!" என்றாள். சரிதான். அது கையை ஆட்டாவிட்டாலும் பாட்டு வரும்.

அப்படியானால் பாட்டை நடத்துவது யார்? பின்பக்கம் போனால் தெரியும். மடித்து மடித்து வைத்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று மெல்ல உள்ளே போகிறது. அட்டை முழுக்க ஓட்டைகள். ஓட்டை வரும்போது ஒரு சின்னக் கம்பி அதற்குள் எழும்புகிறது. உடனே ஒரு வால்வு திறந்து காற்று குழலுக்குள் பாய்கிறது. ஓட்டை முடிந்ததும் கம்பி கீழே, காற்று நின்றது. நீள ஓட்டை என்றால் நீண்ட சுரம். சின்ன ஓட்டை, சின்னச் சுரம். அதற்கு முன் இந்த ஆர்கன்களில் முள் உருளைதான் இருந்தது. புதுப் பாட்டு வேண்டுமென்றால் கனமான புது உருளை வேண்டும். பாட்டின் நீளமும் உருளையின் சுற்றளவோடு சரி. 1892இல் பாரிஸின் கவியோலி நிறுவனம் அட்டைப் புத்தக முறைக்குக் காப்புரிமை வாங்கியது. புத்தகம் எவ்வளவு நீளமோ, பாட்டும் அவ்வளவு நீளம்.

ஓட்டை போட்ட அட்டையை நம்மில் சிலர் பார்த்திருப்போம். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்குமே, அதே குடும்பம்தான். பிரான்ஸின் ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய தறி அது. அங்கே ஓட்டை சொல்வது "இந்த இழையைத் தூக்கு" என்று. இங்கே சொல்வது "இந்தக் குழலை ஊது" என்று. ஒரு வீட்டில் சேலையில் அன்னம் வந்தது, இன்னொரு வீட்டில் பாட்டு வந்தது.

அடுத்து பார்த்ததில் நானே அசந்து நின்றுவிட்டேன். ஒரு பியானோ. அதற்கு மேலே அலமாரியில் மூன்று நிஜ வயலின்கள். ஜெர்மனியின் ஹுப்ஃபெல்ட் நிறுவனம் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது. வயலின் வாசிக்க வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும் இல்லையா? இயந்திரத்துக்கு அது கஷ்டம். அதனால் வில்லையே வளையமாக்கிவிட்டார்கள்! குதிரை வால் முடி கட்டிய வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேண்டிய வயலின் தானே சாய்ந்து போய் அதன்மேல் தந்தியை வைக்கிறது. குட்டி விரல்கள்போன்ற கம்பிகள் தந்தியை அழுத்துகின்றன. உள்ளே காகிதச் சுருள், அதில் ஓட்டைகள். "நிஜம்!" என்றாள் சின்னவள். கண்ணம்மாவின் கையையும் தூக்கிக் காட்டினாள்.

வெளியே வந்தால் அந்த ஊரின் கோபுரத்தில் மணிகள் பாடின. 17ஆம் நூற்றாண்டில் ஹெமோனி சகோதரர்கள் வார்த்த மணிகள் அவற்றில் இருக்கின்றன. கால் மணிக்கு ஒருமுறை அவற்றை அடிக்க வைப்பதும் ஒரு முள் உருளைதான். மிகப் பெரிய உருளை, முட்களைக் கழற்றி வேறு இடத்தில் பொருத்திப் பாட்டை மாற்றலாம். "கண்ணம்மாவோட பெரியப்பா" என்று பெயர் வைத்தாயிற்று.

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு இந்தக் குடும்பத்தின் மற்ற சொந்தங்களைப் பற்றிச் சொன்னேன். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கோபக்காரத் தாத்தா இருக்கிறார்: திப்பு சுல்தானின் மரப்புலி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுபோனது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடக்கும் சிப்பாய் அலறுவார். இரண்டுமே துருத்திக் காற்றால் வரும் ஒலிதான். புலியின் வயிற்றில் கட்டைகள் வைத்த குட்டி ஆர்கனும் உண்டு. எத்தனை சுரம் தெரியுமா? 18. "கண்ணம்மாவுக்கும் 18!" என்று துள்ளினாள்.

அமெரிக்காவில் ஒரு பாவப்பட்ட அக்காவும் உண்டு. 1890இல் எடிசன் விற்ற பேசும் பொம்மை. கண்ணம்மாவின் முள், பல்லுக்கு உத்தரவு போடுகிறது. எடிசன் பொம்மையின் வயிற்றிலிருந்த மெழுகு உருளையோ ஒரு பெண்ணின் குரல் அதிர்வையே கோடாகக் கீறி வைத்திருந்தது. ஊசி அந்தக் கோட்டில் ஓடினால் பாட்டு வரும். யோசனை அருமை. ஆனால் குழந்தைகள் கையால் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றும் வேகம் ஏறி இறங்கினால் குரலும் கீச்சிட்டு, கரகரத்து, பயமுறுத்தியது. மெழுகும் சீக்கிரம் தேய்ந்தது. சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பொம்மைக்கு யாராவது ஒரு குட்டி விசிறி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இருவரையும்விட மூத்தவள் சுவிட்சர்லாந்தின் நூஷாட்டல் நகரத்தில் இருக்கிறாள். ஜாக்கே-திரோ என்ற கடிகாரக்காரரும் அவருடைய மகனும், லெஷோ என்பவரும் சேர்ந்து செய்து 1774இல் எல்லாருக்கும் காட்டிய பெண் பொம்மை. அவளுக்கு இரண்டு தம்பிகள்: ஒருவன் எழுதுவான், ஒருவன் படம் வரைவான். இவள் ஆர்கன் வாசிப்பாள். விரல்கள் உண்மையாகவே கட்டைகளை அழுத்தும், அழுத்தினால்தான் குழலுக்குள் காற்று போகும். ஐந்து பாட்டு தெரியும். கண்கள் விரலோடு நகரும், மூச்சு விடுவதுபோல மார்பு ஏறி இறங்கும்.

"அப்ப மூச்சு விடறது நடிப்பு, வாசிக்கறது நிஜம்" என்றாள் சின்னவள் உடனே. இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

இந்த மூவரும் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பாரிஸ், லண்டன் என்று ஐரோப்பா முழுக்கப் பெட்டியில் ஏறி ஊர் சுற்றினார்கள். 130 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1906இல் அவர்களை விலைக்கு வாங்கிச் சொந்த நாட்டுக்கே கொண்டுவந்தார்கள். இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில் எழுதி, வரைந்து, வாசித்துக் காட்டுகிறார்கள். கண்ணம்மாவின் பயணப் பட்டியலில் அடுத்த ஊர் இதுதான்.

அருங்காட்சியகக் கடையில் ஒரு குட்டி இசைப்பெட்டி வாங்கினோம். கைப்பிடியைச் சுற்றினால் காகித நாடா உள்ளே போகும். நாடாவில் நாமே ஓட்டை போட்டுப் பாட்டு எழுதலாம். நாடாவின் நீளம்தான் நேரம். முதலில் வரும் ஓட்டை முதல் சுரம். நாடாவின் அகலம்தான் சுரம். ஒரு ஓரத்தில் கீழ்ச் சுரம், மறு ஓரத்தில் மேல் சுரம். சின்னவள் ச ரி க ம ப த நி ச என்று ஏறிப்போகும்படி எட்டு ஓட்டை போட்டாள். ஆர்வத்தில் வால் பக்கத்தை முதலில் நுழைத்துவிட்டாள், அதுவும் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி. என்ன கேட்டது தெரியுமா? ச நி த ப ம க ரி ச. பாட்டு பின்னாலிருந்து முன்னால் வந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அதே நாடாவை, தலைப்பக்கமே முதலில் போகும்படி, தோசையைப் புரட்டுவதுபோல அடிப்பக்கம் மேலே வைத்து நுழைத்தால் என்ன கேட்கும்? ஒரு துண்டுக் காகிதத்தில் எட்டு ஓட்டை போட்டு, புரட்டிப் பாருங்கள். விடையை எழுதி வையுங்கள். உங்களோடு ஊர் சுற்றும் பொம்மையின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். கண்ணம்மா கேட்கச் சொன்னாள்.