பிரேக் வயரை அறுப்பது வெறும் சேட்டையா?

வளவில் நிறுத்திய பைக்கின் சீட்டைக் கிழித்தால் அது சொத்துச் சேதம். பிரேக் வயரை அறுத்தால்? மோட்டார் வாகனச் சட்டம் 198ஆவது பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் பெரும்பாலும் இதோடு முடித்துவிடப் பார்ப்பார்கள். நாம் விடக் கூடாது.

கொல்லும் நோக்கத்தோடு அறுத்திருந்தால் அது கொலை முயற்சி. பாரதிய நியாய சன்ஹிதா 109ஆவது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. விஷச் சோற்றைத் தன் கையில் வைத்திருக்கும்வரை முயற்சி ஆகாது, சாப்பிடுபவர் முன் வைத்துவிட்டால் ஆகும் என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. அறுத்த பிரேக்கோடு நிற்கும் வண்டியும் பரிமாறிய விஷச் சோறுதான் என்கிறோம் நாம்.

வண்டிக்காரர் பட்டியல் சாதியினர் எனத் தெரிந்தே பிற சாதியினர் இதைச் செய்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(v) சேரும். தண்டனை ஆயுள் சிறை.

தீ வைப்புக்கு உயிராபத்தை நிரூபிக்கவே வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் வீடுகளோடு வண்டிகளும் எரிந்தன. தலித் மக்களின் உடைமைக்குத் தீ வைத்தால் 3(2)(iii) பிரிவில் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆகவே, வண்டியை உடனே பழுது பார்க்காதீர்கள். போட்டோ எடுங்கள். மெக்கானிக்கைச் சாட்சியாகச் சேருங்கள். முன்பு வந்த மிரட்டலையும், இரு தரப்புச் சாதியையும் புகாரில் எழுதுங்கள். மனு ரசீதோடு திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். இந்த வழக்கை டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும்.