அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியம்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியம் என்பது விபத்து, நஞ்சு, மாரடைப்பு முதலிய காரணங்களால் முன்னறிவிப்பின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவோருக்குச் செவிலியர் அளிக்கும் பராமரிப்பு ஆகும். இலங்கையில் செவிலியர் தாதியர் என அழைக்கப்படுகின்றனர். உள்நோயாளர் பிரிவில் கட்டில்களின் எண்ணிக்கை வேலைக்கு ஓர் எல்லை வகுக்கிறது. அவசரப் பிரிவின் வாயிலுக்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கண்காணிக்க வேண்டியுள்ளது என்பதே இங்கு பராமரிப்பின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது.

வகைப்படுத்தல்

வந்த வரிசைப்படி அன்றி, நோயின் கடுமைப்படி நோயாளரைப் பிரிப்பது வகைப்படுத்தல் எனப்படும். தமிழ்நாட்டில் 'தாய்' திட்டம் என வழங்கும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களால் இது செய்யப்படுகிறது. சிவப்புக்கு உடனடிக் கவனம் கிடைத்துவிடும். இடர் மிகுந்தது மஞ்சள் எனலாம். வயிற்றினுள் குருதி கசியும் ஒருவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். முதலில் நாடித்துடிப்பு மட்டும் உயரும், குருதியழுத்தம் பின்னரே வீழும். நாடியை மீண்டும் மீண்டும் பார்ப்பவர் இல்லாவிடில் இம்மாற்றம் தெரியாமலே போகும்.

பாம்புக்கடி: ஓர் எடுத்துக்காட்டு

கண்காணிப்புக்கு எவ்வளவு நேரம் தேவை என்பதைப் பாம்புக்கடி நன்கு விளக்குகிறது. விரியன் கடித்தவர்க்குக் குருதி உறையுந்தன்மை கெடலாம். இதனை அறிய, சிறிதளவு குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காது வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். குழாய் நெகிழியாலானதாகவோ சவர்க்காரத்தால் கழுவியதாகவோ இருப்பின் முடிவு பிழைபடும். முதல் சோதனையில் குருதி உறைந்தாலும், குறிப்பிட்ட இடைவெளிகளில் இது திரும்பச் செய்யப்பட வேண்டும் என்பது இந்திய நெறிமுறை.

கட்டுவிரியன் கடியில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. இமை தாழ்வதும், ஒரே மூச்சில் எண்ணக்கூடிய எண் குறைவதுமே மூச்சுத்தசைகள் செயலிழக்கப்போவதன் முன்னறிகுறிகள். நஞ்சுமுறி மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை ஏற்படக்கூடுமாதலின், அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்து அருகிலிருந்து பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரே நோயாளிக்கு. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது.

குப்பனூரும் ஏற்காட்டு மலைப்பாதையும்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் மண்சரிந்து அது அடைபடும்போது, அடிவாரத்திலுள்ள குப்பனூர் வழியாகச் செல்லும் நீண்ட மாற்றுப்பாதையில் வண்டிகள் திருப்பிவிடப்படுகின்றன. நோயாளிக்கு இது கூடுதல் பயண நேரம். 108 அவசர ஊர்தி சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியபின் வழியிலேயே முதலுதவி கிடைக்கிறது எனினும், கடுங்காயமுற்றோர் இறுதியில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே வந்து சேர்கின்றனர்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து குறைந்தது ஐவர் இறந்தனர்; நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இத்தகைய நாளில் ஒரு பணிமுறைக்குரிய செவிலியர் எண்ணிக்கை எந்தக் கணக்குக்கும் பொருந்தாது.

எண்ணிக்கை

இந்திய செவிலியர் மன்றம் பொதுப்பிரிவுகளில் கற்பித்தல் மருத்துவமனைக்கு 3 நோயாளருக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளுக்கு 5 பேருக்கு ஒருவர் எனப் பரிந்துரைத்துள்ளது. இது பரிந்துரையே. மாறாக, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2004 முதல் இது சட்டவிதி: அவசரப் பிரிவில் 4 பேருக்கு ஒருவர், உயிர் ஊசலாடும் நிலையிலுள்ள 2 பேருக்கு ஒருவர். அந்நாட்டின் பென்சில்வேனியாவில் லிண்டா ஏக்கன் குழுவினர் அறுவை நோயாளரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாகும் ஒவ்வொரு நோயாளிக்கும் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 விழுக்காடு உயர்வதாகக் கண்டறியப்பட்டது. அவசரப் பிரிவை அவ்வாய்வு நேரடியாக அளக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பணி நிலை

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வின் மூலம் 2015 முதல் செவிலியர் பலர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி இவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். ஊதியம் பின்னர் 14,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 திசம்பர் 31 அன்று முடிவுற்றது. அதனை எதிர்த்துச் சேலத்திலும் போராட்டம் நடந்தது. அவர்களுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக 18,000 ரூபாய் ஊதியத்தில் மாற்றுப்பணி வழங்குவதாக அரசு அறிவித்தது. இதுவும் தற்காலிகப் பணியே. தாழும் இமையைக் கண்டதும் அடையாளம் காணும் திறன் ஆண்டுக்கணக்கில் வாய்ப்பது. ஒருவர் விலகும்போது அவரிடத்தில் வரும் புதியவர் அதனை முதலிலிருந்து கற்க வேண்டியுள்ளது.