பெசன்ட் நகர் பீச்சுக்கு ராத்திரி நடந்து போறது எப்படி?

பெசன்ட் நகர் பீச்னா நமக்கு பஜ்ஜி, ஷ்மிட் நினைவுச்சின்னம், ஒரு செல்ஃபி. ஆனா ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் நள்ளிரவுல அதே மணலுக்கு வேற வேலை இருக்கு. ஆமை முட்டை தேடுற மாணவர் குழு ஒண்ணு 1988-லிருந்து இங்கே நடக்குறாங்க. நீலாங்கரையில ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். சில வாரக் கடைசிகள்ல நாமளும் சேர்ந்துக்கலாம்.

தேடுறது பங்குனி ஆமையோட தடம். ட்ராக்டர் டயர் போன மாதிரி கடல்லேர்ந்து ஏறி, திரும்பக் கடலுக்கே இறங்கும். நடுவுல எங்கேயோ கூடு. குச்சியால மெதுவா குத்திப் பார்த்து, மணல் இளகின இடத்துல கையால தோண்டுவாங்க. சுமார் நூறு முட்டை இருக்கும், பிங்பாங் பந்து சைஸ்ல. அதைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கணும்.

ஏன் இடம் மாத்தணும்? நாய்கள் ஒரு காரணம். எனக்கு அதைவிட உறுத்துறது வெளிச்சம். குஞ்சு பொரிஞ்சதும் வெளிச்சமான திசைக்குத்தான் ஓடும். இருட்டான கரையில அது கடல். நம்ம கரையில தெருவிளக்கு. அதனால ரோட்டுக்கு ஏறிடும்.

இதுல பிழைச்சாலும் கடல்ல இழுவலை இருக்கு. ஆமை மூச்சுக்கு மேல வந்தாகணும். வலையில சிக்கினா முடியாது. 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூற்றுக்கணக்குல செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கும்.

போறவங்க கருப்பு டிரஸ் போடுங்க. டார்ச், ஃப்ளாஷ் ரெண்டும் வேண்டாம். அவ்வளவு நடக்க முடியாதவங்க மார்ச், ஏப்ரல்ல குஞ்சு விடுறதைப் பார்க்க வாங்க.